வண்டிக்குள் ஒரு மடிக்கணினி: வட்டைப் பாதை யாருடைய சொத்து?

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பைத் தாண்டி, கிட்டங்கி வழியாக நாவிதன்வெளிக்குப் போகும் வீதி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சவளக்கடை, அன்னமலை, மத்தியமுகாம் என்று ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையும் உண்டு. ஆனால் அந்த வீதியை விட்டு வாய்க்கால் கட்டில் இறங்கி வட்டைக்குள் போகும் பாதைக்குப் பலகையும் இல்லை, பெயரும் இல்லை. நெல் வியாபாரத்தில் இலாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் தீர்மானமாகின்றன.

வெட்டு மெசின் கொட்டும் நெல் ஈர நெல். தாமதியாமல் ஏற்றிக் காயப்போட வேண்டும். லொறி தவறான கட்டில் இறங்கிப் புதைந்தால் இழுத்தெடுக்க உழவு மெசினுக்குக் கூலி, சுமையை இறக்கி மீண்டும் ஏற்றக் கூலி, போதாததற்கு நெல்லின் தரமும் போய்விடும். இதனால்தான் பாதை தெரிந்த சாரதிக்கு நமது பகுதியில் தனி மதிப்பு. அந்தச் சாரதி நாளை கத்தாருக்குப் போய்விட்டால்? பத்து வருடப் பாதை அறிவும் அவரோடு விமானம் ஏறிவிடும். அதை வியாபாரத்தோடு தங்க வைப்பது எப்படி என்பதே இந்த வாரப் பாடம்.

ஏன் மடிக்கணினி?

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவருக்கு வழிகாட்டப் போன் போதும். ஆனால் போன் சாரதியின் சட்டைப் பையோடு போய்விடும். மடிக்கணினி வண்டியோடு நிற்கும். 2007ஆம் ஆண்டு ஏசஸ் நிறுவனத்தின் 'ஈ பீசீ' வந்த பிறகு, 7 முதல் 10 அங்குலத் திரை கொண்ட சிறிய மடிக்கணினிகள் பரவலாகின. அந்த அலை ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் கைவிட்ட அப்படி ஒன்று பலரது அலுமாரியில் சும்மா கிடக்கிறது. அதுவே இதற்குப் போதும். பாதையைப் பதிவதோடு, யாருடைய வயலில் எத்தனை மூட்டை ஏற்றினோம் என்பதையும் அந்த இடத்திலேயே தட்டெழுதலாம்.

ஒரு மாற்றம் மட்டும் கட்டாயம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும், ஊசி போன்ற முனை அதன்மேல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் ஓடும். வரம்பில் ஏறி இறங்கும் குலுக்கலில் முனை தட்டில் பட்டால் பதிவெல்லாம் அழிந்துபோகலாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முறை

டாஷ்போர்ட்டின் மேல் வைக்காதீர்கள். வெயிலும் படும், சாரதியின் பார்வையும் மறையும். எயார்பேக் உள்ள வண்டியில் அது வெடித்து விரிந்தால் மடிக்கணினி முகத்தில் வந்து மோதும். இடப்பக்க ஆசனத்தின் முன் போல்ட்டுகளில் பட்டை இரும்பு ஒன்றை இறுக்கி, அதிலிருந்து ஒரு குழாயை நிமிர்த்தி, மேலே ஒரு தட்டை வைத்து ஒட்டித் தரச் சொன்னால் எந்த வெல்டிங் கடையிலும் செய்வார்கள். தட்டின் மேல் இறப்பர் விரிப்பு, நான்கு மூலையிலும் தடுப்பு, குறுக்கே ஒரு பட்டி. குழாய் நீளக் கூடினால் ஆட்டமும் கூடும். காற்று போகும் துளைகளை மறைக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் பதரும் தூசும் அவற்றை அடைக்கும், வாரம் ஒரு முறை துடையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள். பூட்டிய வண்டியின் சூடு பெற்றரிக்கு ஆகாது.

மின்சாரம்

கெப் வண்டியில் 12 வோல்ட். நம் ஊர் லொறிகள் பலவற்றில் 24 வோல்ட். மடிக்கணினி பெரும்பாலும் கேட்பது 19 வோல்ட். இன்வேர்ட்டர் போட்டு 230 ஆக ஏற்றி, பிறகு சார்ஜர் அதை இறக்குவது வீண் நட்டம். வண்டி மின்சாரத்தை நேரே 19 வோல்ட்டாக மாற்றும் அடப்டர் வாங்குங்கள். உங்கள் வண்டியின் வோல்ட்டுக்கு அது ஏற்றதா என்று பார்த்தே வாங்குங்கள். வயர் தொடங்கும் இடத்தில், பெற்றரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட் தடுமாறும் என்பதால் என்ஜின் ஓடத் தொடங்கிய பின்னரே இணையுங்கள்.

வரைபடமும் பதிவும்

மடிக்கணினிகள் பலவற்றில் ஜீ.பி.எஸ். இல்லை. யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய வாங்கி ஒன்று தேவை. அதை முன் கண்ணாடியின் கீழ், வானம் தெரியும்படி வையுங்கள். குறைந்தது நான்கு செய்மதிகளின் சைகை கிடைத்தால்தான் இடம் சரியாக வரும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா பொதுமக்களுக்கான சைகையைக் குழப்புவதை நிறுத்தியது. அதன் பின் திறந்த வெளியில் சில மீற்றர் வித்தியாசத்துக்குள் இடம் தெரிகிறது.

'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடம் இலவசம். வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் வட்டைக்குள் இணையம் தேவையில்லை. 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருள் அதைத் திறக்கும், வண்டி ஓடிய தடத்தையும் பதியும். மிகப் பழைய கணினியில் அதன் பழைய பதிப்பைப் போடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள் வரைபடத்தை இதோடு பொருத்துபவர்கள் கவனிக்க வேண்டும்: அது கந்தவளை அளவை அடிப்படையில் வரைந்தது. மாற்றாமல் போட்டால் இடம் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி நிற்கும்.

பாதை பதியும் வேலையைச் சாரதிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். தன்னை நீக்கவே இந்த ஏற்பாடு என்று அவர் நினைத்தால் சரியான பாதையைக் காட்டமாட்டார். அது நியாயமும் அல்ல. பதியும் பாதை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள். அந்த அறிவு அவர் உழைத்துத் தேடியது.

தண்ணீர்

வரைபடத்துக்குத் தெரியாத ஒன்று தண்ணீர். மாரியில் கிட்டங்கி வீதி மூழ்கும்போதும் திரையில் அது வீதியாகவே இருக்கும். 2024 நவம்பர் 26இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துப்போய், அதில் வந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. எனவே ஒவ்வொரு பாதையோடும் மூன்று விடயங்களைக் கட்டாயம் எழுதுங்கள்: எந்த மாதம் போனோம், என்ன வண்டி, எவ்வளவு சுமை. சிறுபோக அறுவடையில் பத்து தொன் தாங்கிய கட்டு, தை மாதத்தில் வெறும் வண்டியையே தாங்காமல் போகலாம். நீர் ஓடும் இடத்தில் திரையைக் கேட்காதீர்கள். வட்டவிதானையைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது திரையைப் பார்ப்பது சாரதியின் வேலை அல்ல. பக்கத்தில் இருப்பவர் பார்த்து, "தம்பி, அடுத்த மதகில இடப்பக்கம்" என்று வாயால் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு போகம் முடிந்ததும் பதிவுகளைப் பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்துக் கடையின் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். கடன் பேரேட்டுக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பு பாதைப் பேரேட்டுக்கும் வேண்டும்.