ரொக்கமா, டியூவா: வடசென்னையின் வருமான நாட்காட்டியும் கைபேசித் தவணையும்

புதிய திறன்பேசியை முழு விலை கொடுத்து வாங்குவதா, மாதத் தவணையில் வாங்குவதா என்ற கேள்விக்கு வட்டியை மட்டும் கணக்கிட்டு விடை சொல்வதே பரவலான வழக்கம். மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை வங்கிக் கணக்கில் ஏறும் குடும்பத்துக்கு அந்த விடை ஏறக்குறையப் பொருந்தும். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு வருமானம் அவ்வாறு வருவதில்லை. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கு அன்றைய மீன்பாட்டையும் ஏல விலையையும் பொறுத்துப் பங்கு கிடைக்கிறது. கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு எத்தனை நடை அடித்தார் என்பதே கூலியை முடிவு செய்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷிப்டு கிடைத்த நாள்தான் சம்பள நாள். ஆகவே இங்கே முதலில் கேட்க வேண்டியது, தவணை கேட்கும் நாட்களில் கையில் பணம் இருக்குமா என்பது. வட்டி எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தவணையை இப்பகுதி மக்கள் ‘டியூ’ என்பார்கள். முழுப் பணம் கொடுத்து வாங்குவது ‘ரெடி கேஷ்’. டியூ இங்கு கைபேசியோடு வந்த புதுமையன்று. பாத்திரமும் சேலையும் தவணைக்கு விற்றுத் தெருத் தெருவாக வசூலித்தவர்களும், சிறு வியாபாரிகளுக்குத் தண்டல் கொடுப்பவர்களும், ஏலச்சீட்டு நடத்துபவர்களும் இங்குள்ள குடும்பங்களுக்கு நெடுநாள் பழக்கம். இன்றைய கடன் முறைகளைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய முறைகளே நல்ல அளவுகோலாக அமைகின்றன.

தண்டலும் வட்டியில்லாத் தவணையும்

தண்டல் என்பது நாள்தோறும் திருப்பிச் செலுத்தும் கடன். பத்தாயிரம் ரூபாய் என்று பேசி, ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது அதன் வழக்கமான வடிவம். வட்டி என்று தனியாக எதுவும் வசூலிக்கப்படாவிட்டாலும், கைக்கு வராத ஆயிரத்துக்கும் சேர்த்துக் கட்டுவதால், நாள்தோறும் குறைந்துவரும் நிலுவையின்மேல் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

கடைகளில் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று விளம்பரப்படுத்தப்படும் வட்டியில்லாத் தவணையும், அளவில் மிகச் சிறியதாயினும், இதே பொறிமுறையில்தான் இயங்குகிறது. 18,000 ரூபாய் விலையுள்ள கைபேசிக்கு மாதம் 3,000 வீதம் ஆறு தவணை என்று வைத்துக்கொள்வோம். ரெடி கேஷ் கொடுப்பவருக்குக் கடைக்காரர் 1,000 ரூபாய் குறைத்து 17,000க்குத் தருவார் எனில், தவணைக்காரர் இழக்கும் அந்தத் தள்ளுபடியே வட்டியின் முதற்பகுதி. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு என்ற பெயரில் வாங்கப்படும் செயலாக்கக் கட்டணம் 199 ரூபாயும் அதன்மீதான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்ந்து ஏறத்தாழ 235 ரூபாய் ஆகிறது. இது இரண்டாம் பகுதி. ஆக, 1,235 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறையும் கடனுக்கு இத்தொகையைச் செலுத்துவது, ஆண்டுக்குச் சுமார் 25 விழுக்காடு வட்டிக்குச் சமம்.

வங்கிக் கடன் அட்டை வழியாக எடுக்கப்படும் தவணையில் கணக்கு சற்று மாறும். அங்கே வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையைத் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவதால் வாங்குபவரின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதத்தில், மேற்சொன்ன ஆறு தவணைகளில் அடங்கியிருக்கும் வட்டி ஏறத்தாழ 762 ரூபாய். இந்த வட்டியின்மீது விதிக்கப்படும் 18 விழுக்காடு வரியான 137 ரூபாயை வாங்குபவரே ஏற்கிறார். கைபேசியின் விலையிலேயே 18 விழுக்காடு வரி அடங்கியிருக்க, அதை வாங்கப் பெற்ற கடனின் வட்டிக்கும் தனி வரி சேர்கிறது. பூஜ்ய விழுக்காடு வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டி, கடன் அட்டை நிலுவைகளுக்கு அத்தகைய திட்டங்கள் வழங்கப்படுவதைக் கண்டித்ததன் பின்னணி இதுவே.

மூன்றாவது வகை, ‘பிளாட்’ வட்டி எனப்படும் நிலைவட்டி. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது இதன் தன்மை. 18,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு நிலைவட்டியில் ஓராண்டுக் கடன் எடுத்தால், வட்டி 2,160, மாதத் தவணை 1,680. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், குறையும் நிலுவையின்மேல் கணக்கிடும்போது உண்மை வட்டி 21 விழுக்காட்டுக்கும் மேலே நிற்கிறது. ‘பன்னிரண்டு பர்சன்ட்தான்’ என்று கடையில் சொல்லப்படும்போது, அது எந்த வகைப் பன்னிரண்டு என்று கேட்பது முதல் பாடம்.

ஏப்ரல் 15 என்னும் எல்லை

வட்டிக் கணக்கு மட்டுமே முடிவு செய்வதானால் ரொக்கமே எப்போதும் வெல்லும். ஆயினும் 17,000 ரூபாயை ஒரே நாளில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் குடும்பம், மறுவாரமே மருத்துவச் செலவுக்காக மீட்டர் வட்டி எனப்படும் கந்துவட்டிக்கு ஓட நேர்ந்தால், மிச்சப்படுத்திய 1,235 ரூபாய் சில நாட்களிலேயே கரைந்துவிடும். அதனால்தான் இங்கு வட்டிக் கணக்கோடு நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் மீன்வளத்தைக் காக்க ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. இக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அரசு நிவாரணத் தொகை வழங்கினாலும் அது வீட்டுச் செலவுக்கே போதாது. படகில் செல்பவருக்கு மட்டுமன்றி, ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் வெட்டுபவர், வண்டி ஓட்டுபவர் என ஒரு சங்கிலிக்கே அப்போது வருமானம் குறைகிறது. ஜனவரியில் எடுக்கும் எட்டு மாதத் தவணை இத்தடையை நேராகக் கடந்து செல்கிறது. ஜூன் பிற்பகுதியில் எடுத்தால் அதே எட்டு மாதம் அடுத்த தடைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கைபேசியும் வட்டியும் ஒன்றே, ஆனால் எடுத்த மாதம் ஒன்றைச் சுமையாகவும் மற்றொன்றைத் தாங்கக்கூடியதாகவும் ஆக்கிவிடுகிறது.

தொழிற்சாலைக் குடும்பத்துக்கு எல்லை வேறு. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்தில் 7ஆம் தேதிக்குள்ளும் ஏனையவற்றில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்று வகுத்தது. நிதி நிறுவனம் தவணையை 2ஆம் தேதி அல்லது 5ஆம் தேதி கணக்கிலிருந்து எடுக்க வந்தால், சம்பளம் ஏறாத கணக்கில் அது திரும்பிப்போகும். தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிந்தைய நாளாக மாற்றித் தர முடியுமா என்று கடன் எடுக்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். முடியாது என்றால் ஒரு தவணைத் தொகையைக் கணக்கில் நிரந்தரமாக விட்டுவைப்பதே பாதுகாப்பு.

நாட்காட்டியில் குறிக்கப்படாத இடர்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, ஆற்றை நம்பிய மீனவ ஊர்களில் வலையும் படகும் கறுத்துப்போய்த் தொழில் நின்றது. 2020 பெருந்தொற்றின்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி வழிசெய்தது. ஆனால் ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது. ஒத்திவைப்பைத் தள்ளுபடி என்று எண்ணியவர்கள், கடன் காலம் நீண்டபோதுதான் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தார்கள்.

பெயருக்கு எடுத்த கடன்

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு நிதி நிறுவனம் எளிதில் கடன் தருவதில்லை என்பதால், சம்பளச் சீட்டு உள்ள உறவினரின் பெயரில் கைபேசி எடுப்பது இப்பகுதியில் சாதாரணமாக நடக்கிறது. இக்கட்டுரையாளரும் படகுத் தொழிலாளியான மைத்துனருக்காக ஒரு ஜனவரி மாதத்தில் தம் பெயரில் எட்டுத் தவணைக்குக் கையெழுத்திட்டவர். ஏப்ரல் வரை பணம் தவறாமல் வந்தது. மே, ஜூன் தவணைகள் கணக்கில் பணமின்றித் திரும்பின. ஒவ்வொரு முறையும் நிதி நிறுவனம் ஒரு கட்டணமும் வங்கி ஒரு கட்டணமும் விதித்ததோடு, வசூல் அழைப்புகள் கையெழுத்திட்டவரின் பணியிடத்துக்கே வந்தன. இதில் மைத்துனரின் நேர்மையில் குறையில்லை. கடலுக்குப் போனதும் பாக்கி முழுவதையும் அவர் கொடுத்துவிட்டார். நாட்காட்டியைப் பார்க்காமல் கையெழுத்திட்டதே பிழை.

இத்தகைய தவறுதலின் விளைவு பணத்தோடு முடிவதில்லை. ஒருவர் கடனை எவ்வாறு திருப்பிச் செலுத்துகிறார் என்பதை 300 முதல் 900 வரையிலான எண்ணாகக் காட்டுவது கடன் மதிப்பெண். மக்கள் பேச்சில் இது ‘சிபில் ஸ்கோர்’. கைபேசித் தவணை தவறினாலும், பின்னாளில் கேட்கும் வீட்டுக் கடனுக்கோ ஆட்டோக் கடனுக்கோ அந்த எண்ணே முன்னால் வந்து நிற்கும். மேலும், கணக்கில் பணமின்றி மின்னணுத் தவணை திரும்புவது 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ், செக் திரும்புவதைப் போலவே வழக்குக்கு இடமளிப்பது. பெயர் கொடுப்பவர், முழுத் தொகையையும் தாமே கட்ட நேர்ந்தால் தாங்க முடியுமா என்று எண்ணிப் பார்த்துவிட்டே பெயர் கொடுக்க வேண்டும்.

கடை மேசையில் கேட்க வேண்டியவை

தவணையே ஏற்றது என்று முடிவாகிவிட்டால், கையெழுத்துக்கும் ஓ.டி.பி. சொல்வதற்கும் முன்பு முக்கிய விவர அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். 2024 அக்டோபர் முதல், கடன் அட்டை நிலுவை நீங்கலான சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவ்வறிக்கையைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்தச் செலவை ஆண்டு விழுக்காடாகக் காட்டும் ஆண்டுச் சதவீத வீதம் அதில் இருக்கும். ‘நோ காஸ்ட்’ என்ற சொல்லைவிட இந்த ஓர் எண்ணையே நம்ப வேண்டும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. ஆனால் கடைக்காரர் தரும் தள்ளுபடியை இழப்பது எந்த அறிக்கையிலும் வராது என்பதால், ரெடி கேஷ் விலையை முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, தவணைப் பேச்சை அதன்பின் தொடங்குவதே முறை.

கேட்காமலே சேர்க்கப்படும் காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம், உறுப்பினர் அட்டை ஆகியவற்றை ரசீதில் தேடிப் பார்த்து, வேண்டாதவற்றை அங்கேயே நீக்கச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றிலும் நிலக்கரித் தூசியிலும் படகின் ஈரத்திலும் புழங்கும் கைபேசி விரைவில் பழுதாகக்கூடும். செத்துப்போன கைபேசிக்கும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், தவணைக் காலம் ஓராண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தவணை தவறினால் கைபேசியையே பூட்டிவிடும் செயலியைச் சில நிறுவனங்கள் பதிந்து தருகின்றன; கைபேசியில்தான் பிழைப்பே என்றிருக்கும் உணவு விநியோகத் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் அப்பூட்டு வருமானத்தையும் சேர்த்தே பூட்டும். கடைசித் தவணை முடிந்ததும் தடையின்மைச் சான்றைப் பெற்று, அச்செயலி நீங்கியதையும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையில் கணக்கு முடிந்ததாகப் பதிவானதையும் சரிபார்க்க வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் வழியை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

ரொக்கத்துக்கான வழி

ரெடி கேஷ் சேர்க்க இப்பகுதியில் இயல்பான வாய்ப்புகள் இரண்டு உண்டு. ஒன்று போனஸ்: 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், அது வகுத்த சம்பள வரம்புகளுக்கு உட்பட்டுக் குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, வழங்கச் சொன்னது. மற்றொன்று ஏலச்சீட்டு. சீட்டை முதல் மாதங்களிலேயே தள்ளி எடுப்பவர் பெருந்தொகையை விட்டுக்கொடுக்கிறார், அதுவும் ஒருவகை வட்டியே. கடைசி வரை காத்திருப்பவருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுத்த தொகையிலிருந்து ‘கசர்’ எனப்படும் பங்கு கிடைக்கிறது. கைபேசிக்காக முதல் சீட்டைத் தள்ளி எடுப்பது, கடையில் டியூ எடுப்பதைவிடச் செலவு கூடியதாக அமையலாம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்படாத சீட்டு என்றால் போட்ட முதலுக்கும் காப்பில்லை.

ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. ஐ.எம்.இ.ஐ. எண் குறித்த ரசீதைப் பெற்று, *#06# என்று அழுத்தித் திரையில் வரும் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். கைபேசி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க முடியும். விலையைக் கொடுத்தபின் ஒரு மாத வீட்டுச் செலவுக்கான பணம் மிஞ்சவில்லை என்றால், விலை குறைந்த கைபேசியைத் தேர்வதோ பழைய கைபேசியை இன்னும் சில மாதம் ஓட்டுவதோ மேலானது.

இவை அனைத்தையும் இப்பகுதிக்கான ஒரே நடைமுறையாகச் சுருக்கினால், வாங்குபவர் தம் வீட்டின் வறண்ட காலம் தொடங்கும் நாளை முதலில் குறிக்க வேண்டும். காசிமேட்டில் அது ஏப்ரல் 15, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒப்பந்தம் முடியும் நாள். அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இடைப்பட்ட மாதங்களுக்குள் முடியும் தவணையானால் எடுக்கலாம். ஒரு தவணையேனும் அந்நாளைத் தாண்டுமானால், அதற்கான பணத்தை முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பணத்தை ஒதுக்க முடிகிற குடும்பம், இன்னும் சில மாதம் பொறுத்தால் ரெடி கேஷிலேயே வாங்கிவிடும்.