கச்சான் காலத்தில் படகு எஞ்சின் சூடேறினால்

ஜூன் 13 வஹகோட்டை புனித அந்தோனியார் திருவிழா. மாத்தளை மாவட்டத்தில், கலேவெலவை அடுத்த இந்த ஊரிலிருந்து கடல் வெகுதூரம். ஆனால் குருநாகல், தம்புள்ளை ஊடாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி கலேவெலவைத் தொட்டுத்தான் செல்கிறது. தென்மேல் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடில்) போடுவது நெடுநாள் வழக்கம். அங்கிருந்து இந்த வீதியால் திருவிழாவுக்குப் போவதற்காகத் தொழிலுக்குப் போகாத நாட்கள் கிடைத்தால், அவற்றில் ஒரு காலைப்பொழுதை எஞ்சினுக்கு ஒதுக்குங்கள். ஓரிரு மாதம் உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினைத் திறந்து பார்க்க இதுவே தருணம்.

இந்தப் பருவத்தில் அது ஏன் இத்தனை அவசரம்? கிழக்கில் தென்மேல் பருவத்துக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எஞ்சின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது. வங்காள விரிகுடாவுக்குள் இழுபட்டுப் போகும்.

வெளியிணைப்பு எஞ்சினைக் குளிரவைப்பது கடல்நீர்தான். கீழ்ப்பகுதியில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் அதை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. பக்கவாட்டுத் துளையில் நீர் பீய்ச்சி அடித்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

நீர் மெலிந்தாலோ ஆவி வந்தாலோ வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்துங்கள். ஆழம் இடம் தந்தால் நங்கூரம் போடுங்கள். எஞ்சினைத் தூக்கி, நீர் உறிஞ்சும் வலையில் பொலித்தீனோ பாசியோ அறுந்த வலைத்துண்டோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல தடவை கோளாறு அவ்வளவுதான். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பக்கத்துளையை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்; உப்பும் மணலும் அதை அடைத்திருக்கலாம். கொதிக்கும் எஞ்சின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றவே கூடாது, வார்ப்பு வெடித்துவிடும். தானாக ஆறட்டும்.

கரையில் செய்ய வேண்டியதில் முக்கியமானது இம்பெல்லர். கீழ்ப்பகுதியைக் கழற்றி அதை வெளியே எடுத்து, இதழ்களை விரலால் வளைத்துப் பாருங்கள். நிமிராமல் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தாலோ, அடியில் வெடிப்புக் கண்டாலோ புதிது போடுங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்தே தீரவேண்டும். அது மேலே ஏறி நீர்வழியில் சிக்கினால் புதிய இம்பெல்லரும் பயன் தராது. மாட்டும்போது தண்டை அது சுழலும் திசையிலேயே திருப்பிக்கொண்டு பம்ப் உறையை இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும்.

இம்பெல்லர் நன்றாக இருந்தும் சூடேறினால் தேர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். நீர் நன்றாகச் சுட்ட பிறகும் வாய் திறக்காவிட்டால் மாற்றுங்கள். அதில்லாமல் ஓட்டுவது தீர்வல்ல. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் கரி பிடிக்கும்.

எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஒரு கணமும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ரப்பர் உடனே கருகும். தொழில் முடிந்ததும் பீப்பாயில் நன்னீர் நிரப்பி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். எஞ்சின் சூடாகித் தேர்மோஸ்டாட் திறந்தால்தான் உள்ளே படிந்த உப்பை நன்னீர் எட்டும். ஒரு இம்பெல்லரும் அதைத் தண்டோடு பூட்டும் சாவியும் உபரியாக வாடியில் இருக்கட்டும். கடலுக்குப் போகும்போது மெல்லிய கம்பி, ஸ்பேனர், துடுப்பு, நீண்ட நங்கூரக் கயிறு ஆகியவை படகில் இருக்கட்டும்.