காணி எடுக்கமுன் மண்ணை ஆராய்தல்

அன்பின் பிள்ளைக்கு,

வெள்ளத் தடுப்புக்கென அரசு ஒரு காணியை எடுக்கும்போது, அதன் பழைய பாவனையும் சேர்ந்தே கைமாறுகிறது. மண்ணில் ஊறிய எண்ணெயும் பீடைநாசினியும் அதன்பின் பொதுமக்களின் சுமை. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நச்சுக்கழிவைத் துப்புரவாக்கும் பொறுப்பைக் காணியின் தற்போதைய சொந்தக்காரர்மீதும் சுமத்தியது. வாங்கமுன் ஆராயும் வழக்கம் அங்கே வலுத்தது அதனால்தான்.

இதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வைத்துப் பார்ப்போம். அங்கே வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேரும் இடம் தொண்டைமானாறு. இங்குள்ள தடுப்பணையின் வான்கதவுகள் மாரியில் வெள்ளத்தைக் கடலுக்கு விடுகின்றன; கோடையில் உவர்நீரை மறிக்கின்றன. ஆனையிறவு நீரேரியில் சேரும் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவர 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டத்துக்கும் இந்த அணை அவசியம்.

கரையோரத் தரவையையோ தோட்டக் காணியையோ வெள்ளம் தேக்க எடுத்தால், அந்த நீர் சும்மா நிற்காது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளால் நீர் விரைவாக இறங்கும். மண்ணில் உள்ளதையும் கரைத்துக்கொண்டு கிணறுகளைச் சேரும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் இலங்கை உயர்நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. ஆற்று நீர் இல்லாத ஊருக்குக் கிணறு பழுதானால் எந்த இழப்பீடும் ஈடாகாது.

ஆகவே காணி எடுக்கமுன் மண் ஆய்வு வேண்டும். அது கடதாசியில் தொடங்கும்: உறுதிகள், பழைய வரைபடங்கள், வான்படங்கள். பிறகு காணியை நடந்து பார்த்தல். மிதிவெடி அகற்றிய சான்று இல்லாத நிலத்தில், அது கிடைக்கும்வரை கால்வைக்கக் கூடாது. எரிபொருள் எங்கே வைத்திருந்தார்கள், குப்பை எங்கே புதைத்தார்கள், எந்தத் துரவு தூர்க்கப்பட்டது என்பவை பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இராது. அயலிலுள்ள முதியவர்களுக்குத் தெரியும். சந்தேகம் எழும் இடத்தில் மட்டும் துளையிட்டு எடுக்கும் மண்ணும் நீரும் ஆய்வுகூடத்துக்குப் போகும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேறு. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தேசிய சுற்றாடல் சட்டத்தில் சேர்ந்த அது, திட்டம் சூழலுக்கு என்ன செய்யும் என்று கேட்கிறது. மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்பது இந்த ஆய்வு.

இதற்கு வழி சட்டத்திலேயே உண்டு. 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அறிவித்தல் ஒட்டியபின் காணிக்குள் சென்று அளக்கவும், அடிமண்ணைத் தோண்டி அது நோக்கத்துக்கு ஏற்றதா எனப் பார்க்கவும் அதிகாரிகளுக்கு இடமளிக்கிறது. மாசு அப்போதே தெரிந்தால், வெள்ளத்துக்கு வெட்டவிருக்கும் வாய்க்காலின் போக்கை மாற்றலாம், அல்லது துப்புரவுச் செலவைத் திட்டத்தில் சேர்க்கலாம். 38ஆம் பிரிவின்கீழ் அவசரமெனக் காணியை உடைமையாக்கிய பிறகு, போக்கை மாற்றுவது மிகவும் கடினம்.

அன்புடன்,
மாமா