ஈரியா சமிதியும் பள்ளி செல்லும் சிறாரும்

ஜூன் திங்கள் பிறந்ததும் ஐந்து வயது நிரம்பிய சிறார் புதுப் பையும் புதுச் சீருடையுமாகப் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க ஆசிரியர் இருக்கின்றனர். வீட்டு வாயிலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடைப்பட்ட வழியைக் கற்பிப்பவர் யார்? அப்பாடம் எந்த வகுப்பின் அட்டவணையிலும் நாள்தோறும் இடம்பெறுவதில்லை. அதை நடத்தவேண்டியவர் பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே.

நம் முன்னோர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்ந்தபோது தெருவில் வந்தவை மாட்டுவண்டியும் மிதிவண்டியுமே. இன்று பலர் சென்னையின் தென்புறநகர்களில் குடியேறியுள்ளோம். பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி-தாம்பரம் நெடுஞ்சாலை ஊரின் ஊடே செல்கிறது. பல்லாவரம்-துரைப்பாக்கம் ஆரச்சாலையும் இங்கே அதனைச் சந்திக்கிறது. தண்ணீர் லாரி, மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, இருசக்கர வண்டி அனைத்தும் ஒரே வேளையில் விரைகின்றன. அந்த வேளையில்தான் நம் குழந்தையும் பள்ளிக்குப் புறப்படுகிறது.

நம் சமயம் காட்டும் வழி

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நுகத்தடியளவு, அதாவது நான்கு முழ தூரம் முன்னே நோக்கி, பகலொளியில், பலரும் நடந்து பழகிய வழியில், விரையாமலும் பேச்சில் மனத்தைச் செலுத்தாமலும் நடத்தல் அதன் இலக்கணம். நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் பார்த்துச் செய்தல் அது. இவற்றை முழுமையாகக் கைக்கொள்வோர் துறவியரே எனினும், இல்லறத்தாரும் தம்மால் இயன்ற அளவு பின்பற்றத் தக்கவை.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது உயிரைப் போக்குதலை மட்டும் கூறாமல், அது கவனமின்மையால் நிகழ்தலையும் சேர்த்தே கூறுகிறது. கொல்லவேண்டும் என்னும் எண்ணம் இல்லாதவனும் பிரமாதத்தால், அதாவது அசட்டையால், ஹிம்சைக்கு உரியவனாகிறான். சாலையில் நிகழும் உயிரிழப்புகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. ஆகவே சாலைப் பாதுகாப்பை அஹிம்சையின் ஒரு பகுதியாகவே நாம் கற்பிக்கவேண்டும்.

குழந்தையின் இயல்பு

வழியில் நிற்கும் காரின் முன்புறம் ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும். குழந்தைக்கு வண்டி தெரியாது, ஓட்டுநருக்குக் குழந்தை தெரியாது. வருகின்ற வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் ஆற்றல் ஒன்பது, பத்து வயதளவில்தான் ஓரளவு முதிர்கிறது. அதற்கு முன், எதிர்ப்புறம் தாயைக் கண்டவுடன் குழந்தையின் கவனம் முழுவதும் தாயிடமே செல்லும். இடையிலுள்ள சாலை அதன் நினைவிலேயே இராது.

1960களில் ஸ்வீடன் நாட்டில் ஸ்டினா சாண்டல்ஸ் என்னும் அறிஞர் சிறு குழந்தைகளைச் சாலையில் கூர்ந்து ஆராய்ந்தார். எவ்வளவு பயிற்சி அளித்தாலும் சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கு முற்றிலும் ஏற்றதாக்க இயலாது, போக்குவரத்தைத்தான் குழந்தைக்கு ஏற்றதாக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கற்பிப்பது வீண் என்று இதற்குப் பொருளன்று. கற்பித்துவிட்டோம் என்று கையை விட்டுவிடலாகாது என்பதே பொருள்.

ஐந்து பாடங்கள்

அறிந்ததிலிருந்து அறியாததற்கு, பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்கு என்பன ஆசிரியப் பயிற்சியில் கற்கும் அடிப்படை விதிகள். "பார்த்துப் போ" என்னும் சொல் நுண்பொருள். எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது என்று குழந்தைக்கு அதனால் விளங்காது. உடன் நடந்து காட்டவேண்டும்.

முதற் பாடம்: நிற்றல். வீட்டு முற்றத்தில் கோலமாவால் இரு கோடுகள் இட்டு, இடையிலுள்ளது சாலை எனக் கூறுங்கள். கோட்டை அடைந்ததும் குழந்தை தானாக நிற்கப் பழகவேண்டும். பந்து உருண்டு சென்றாலும், எதிரே தாத்தா அழைத்தாலும் நிற்றல் வேண்டும். இவ்விரண்டையும் விளையாட்டாகவே பலமுறை செய்து பழக்குங்கள். நிற்றல் வழக்கமான பின்னரே அடுத்த பாடம்.

இரண்டாம் பாடம்: நோக்குதல். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், சாலையில் இறங்குவோரை முதலில் அணுகுவது வலப்புறத்து வண்டி. எனவே வலம், இடம், மீண்டும் வலம் என நோக்கவேண்டும். நடுத்திட்டு உள்ள சாலையில் முதற்பாதி கடந்ததும் திட்டில் நின்று, இரண்டாம் பாதியைப் புதிய சாலையாகக் கருதி, இடப்புறம் நோக்கவேண்டும். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் இங்கு மிகுதியாதலால் மறுபுறமும் நோக்குதல் இன்றியமையாதது. வலம், இடம் அறியாத குழந்தைக்கு "உண்ணும் கைப்பக்கம்" என்றால் புரியும்.

மூன்றாம் பாடம்: நடத்தல். நடைபாதை இல்லாத இடத்தில் எதிர்வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியுமாறு சாலையின் வல ஓரமாக நடக்கவேண்டும். குழந்தை உட்புறமும் பெரியவர் சாலைப்புறமும் இருத்தல் முறை. விரலைப் பிடித்தால் குழந்தை உதறிவிடும். மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளுங்கள்.

நான்காம் பாடம்: வண்டியில் ஏறுதலும் இறங்குதலும். பேருந்து முற்றிலும் நின்றபின் ஏறவேண்டும். இறங்கியபின் அதன் முன்னோ பின்னோ கடக்கலாகாது. பேருந்து அகன்று சாலை தெளிவாகத் தெரியும்வரை ஓரத்தில் நிற்கவேண்டும். பென்சிலோ தண்ணீர்ப் புட்டியோ வண்டியடியில் உருண்டால் குனிந்து எடுக்காமல் உதவியாளரிடம் சொல்லவேண்டும். பொருள் போனால் வேறு வாங்கித் தருவோம், அதற்காகக் கடிந்துகொள்ளமாட்டோம் என்று குழந்தைக்கு முன்னரே உறுதி கூறுங்கள். ஏச்சுக்கு அஞ்சியே குழந்தை குனிகிறது.

ஐந்தாம் பாடம்: மழைக்காலம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கிய தெருவில் பள்ளமும் திறந்த வடிகாலும் மறைந்திருக்கும். அடி தெரியாத நீரில் கால் வைக்கலாகாது. குடை பார்வையை மறைக்கும். ஆதலால் சிறாருக்கு மஞ்சள் போன்ற எடுப்பான நிறமுடைய மழைச்சட்டையே நன்று.

இவற்றைக் கற்பிக்கையில் "லாரி பிடித்துக்கொண்டு போய்விடும்" என அச்சுறுத்தாதீர்கள். அஞ்சிய குழந்தை சாலையின் நடுவே திகைத்து நிற்கும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஓடும். சமிதி என்பது அச்சமன்று, விழிப்பு.

பெரியோர் கற்கவேண்டிய பாடம்

2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்பு பயின்ற சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அச்சிறுமி எந்த விதியையும் மீறவில்லை. இருக்கையில் செல்லவேண்டிய முறையிலேயே சென்றாள். உயர் நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்து விசாரித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது.

2019 செப்டம்பர் 12 அன்று, நம் பள்ளிக்கரணை ஆரச்சாலையில், இருசக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண்ணின்மீது அனுமதியின்றி வைக்கப்பட்ட திருமண விளம்பரப் பேனர் விழுந்தது. நிலைதடுமாறி வீழ்ந்த அவர்மீது பின்வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தும் உயிர் பிழைக்கவில்லை.

இவ்விரண்டும் ஆதான நிக்ஷேபண சமிதி தவறியதால் நேர்ந்தவை. வைக்கத் தகாத இடத்தில் ஒன்று வைக்கப்பட்டது. மூடவேண்டிய ஓட்டை மூடப்படவில்லை. எவரும் கொல்ல எண்ணவில்லை. ஆயினும் உயிர்கள் போயின. நம் வீட்டு விழாக்களுக்கும் ஆலய விழாக்களுக்கும் சாலையோரம் பேனர் வைக்கும் வழக்கத்தை நாமே முதலில் கைவிடவேண்டும். பள்ளி வாயிலை மறைத்து வண்டியை நிறுத்துதலும் இதே தவறுதான்.

வண்டி ஓட்டுவோர் ஈரியா சமிதியைத் தம் வேகத்திற்கேற்ப விரித்துக்கொள்ளவேண்டும். நடப்பவர்க்கு நான்கு முழம் போதும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியோ ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. குழந்தையைக் கண்டு பிரேக்கை அழுத்தும் முன்பே அந்தத் தொலைவு கழிந்துவிடும். எனவே பள்ளியருகே வேகம் குறைத்தல் எறும்புக்கு இரங்கும் நம் மரபினர்க்குக் கடமை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, இருசக்கர வண்டியில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். தந்தை கவசம் அணிந்து, முன்னே நிற்கும் பிள்ளையை வெறுந்தலையோடு கொண்டுசெல்லும் காட்சி இனி நம் இல்லங்களில் வேண்டாம்.

நாம் சொல்வதைக் காட்டிலும் செய்வதையே குழந்தை கற்கும். மணி அடித்துவிடுமே என்று வண்டிகளின் இடையே கையைப் பற்றி இழுத்து ஓடினால், அன்று அக்குழந்தை கற்ற பாடம் ஓடுவதுதான். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள்.

பயிற்சி வினாக்கள் (பெற்றோரும் பாடசாலை ஆசிரியரும் கேட்கத் தக்கவை)

1. கோட்டருகே வந்ததும் முதலில் செய்யவேண்டியது யாது?
2. முதலில் எப்பக்கம் நோக்கவேண்டும்? ஏன்?
3. எதிர்ப்புறம் அம்மா நின்றால் நீ என்ன செய்வாய்?
4. பேருந்தின் அடியில் பென்சில் விழுந்தால் யாரிடம் சொல்வாய்?
5. நீ நடக்கும் வழியில் எறும்பு வரிசையைக் கண்டால் என்ன செய்வாய்?

ஐந்தாம் வினாவை விட்டுவிடாதீர்கள். எறும்பைக் கண்டு காலை நிறுத்தும் குழந்தைக்குச் சாலையின் ஓரத்தில் நிற்பதும் எளிதில் கைவரும். முதல் மூன்று திங்கள் நாள்தோறும் உடன் நடந்து இப்பாடங்களை நடத்துங்கள். அதன்பின்னும் பத்து வயதுவரை பெருஞ்சாலையில் கையை விடாதீர்கள்.