"சும்மாதான் ஃபார்வர்டு செய்தேன்"

வாட்ஸ்அப்பில் ஒரு விநோதச் செய்தி வருகிறது, கூடவே வெட்டி ஒட்டிய ஒரு போட்டோ. சிரித்துவிட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறோம். இதில் என்ன குற்றம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2018 மே 9. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று, போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்டு நின்றது. அறுபதைக் கடந்த ஓர் அம்மா, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர் மக்கள் வந்து வழி கேட்கும் மாவட்டம் இது!

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு எச்சரிக்கை வாசகம் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வெட்டியவன் ஒருவன். பரப்பியவர்கள்?

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரும் என்பதே அல்ஹுஜுராத் 6-வது வசனத்தின் கருத்து. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறைப் பேசும் அந்நூர் 15-வது வசனமோ, இட்டுக்கட்டியவனோடு நிற்கவில்லை. அதை நாவுக்கு நாவு மாற்றிவிட்டு அற்பமாக நினைத்தவர்களையும் கண்டிக்கிறது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு அறிவித்தது. அன்று ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப் என்றால் 1,280 பேர், அதுவும் ஒரே தட்டலில்.