சுவரும் பூச்சும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று சவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. சாமை, தேன், கடுக்காய் முதலியன அம்மலை தரும் செல்வங்கள். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். அவர்கள் நெடுங்காலமாக மண்ணால் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து வாழ்ந்து வந்தனர். இக்காலத்தில் சிமெண்டு வீடுகள் அங்கும் பெருகி வருகின்றன. ஆயினும், மண்சுவர் பூசும் கலை நாம் அறியத்தக்கதே.

சுவருக்குப் பூச்சு எதற்கு? மழையையும் வெயிலையும் முதலில் தாங்குவது பூச்சேயாகும். பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசலாம். சுவரே கரைந்தால் வீடு நிலைக்காது. ஆகவே, பூச்சு சுவருக்கு அணி மட்டுமன்று; கவசமும் ஆகும்.

பூச்சுக்குரிய மண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோல் கலந்து, நீர் விட்டு மிதித்து ஊற வைப்பர். களி மிகுந்த மண் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தது உதிரும். சிறு உருண்டை ஒன்றைப் பிடித்து உலர்த்திப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். வெடிப்புக் கண்டால் மணலையும், உதிரக் கண்டால் களிமண்ணையும் சேர்த்தல் வேண்டும்.

முதலில் சுவரை நீர் தெளித்து நனைத்து, அடிப்பூச்சு இடுவர். அஃது ஈரமாக இருக்கும்போதே குச்சியால் கீறி விடுவர். மேற்பூச்சு அக்கீறல்களைப் பற்றிக்கொண்டு நிற்கும். அடிப்பூச்சு உலர்ந்தபின், நுண்மண்ணும் சாணமும் கலந்து மேற்பூச்சு இடுவர். விரலை அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். மண் விரலில் ஒட்டலாகாது. அதுவே அணி செய்தற்குரிய பதம். விரல்களை வளைத்து இழுத்தால் அலைகள் தோன்றும். துடைப்பத்தால் நீவினால் நுண்ணிய வரிகள் தோன்றும். கசக்கிய துணியால் ஒற்றினால் மேகத்திரள் போன்ற வடிவம் அமையும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

சுவரை அணி செய்தல் தமிழர்க்குப் பழைய வழக்கம். பாண்டிமாதேவியின் அரண்மனையில் வெண்சுதை பூசப்பெற்றிருந்ததையும், சுவரில் பூங்கொடி எழுதப்பெற்றிருந்ததையும் நெடுநல்வாடை கூறுகிறது. பிற்காலத்துச் செட்டிநாட்டு மாளிகைகளில், சுண்ணாம்பையும் மணலையும் நன்கு அரைத்துப் பல அடுக்குகளாகப் பூசினர். இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவைச் சேர்த்து வழவழப்பாகத் தேய்த்தனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சுண்ணச்சாந்துக்கு உறுதி தருவன. மலைக்காட்டில் காய்க்கும் கடுக்காய் மாளிகைச் சுவருக்கும் உதவிய திறம் இதுவாகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, நாளடைவில் கல்போல் இறுகும். சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது கடும் வெப்பம் எழுமாதலின், சிறுவர் அதனருகே செல்லலாகாது.

மண்சுவரின்மேல் சிமெண்டு பூசினால் வலிவு மிகும் எனச் சிலர் எண்ணுகின்றனர். மண்சுவர் ஈரத்தை ஏற்று, மீண்டும் காற்றில் விடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சோ அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் மண்ணை இளக்கும். பூச்சும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்போது செலவும் வீண், சுவருக்கும் கேடு. எனவே, சுவரின் இயல்பறிந்து பூசுதலே அறிவுடைமை. உள்ளிருப்பதோடு ஒன்றி நிற்கும் அணியே நிலைத்த அணியாகும்.