அமானிதமும் கண்காணிப்பும்

பணியிடம் நம்பிக்கையின்மேல் நிற்பது. கூலி தருபவர் உழைப்பை நம்புகிறார். உழைப்பவர் கூலியை நம்புகிறார். முன்னாளில் மேலாளர் மேசைகளுக்கிடையே நடந்து பணியைப் பார்வையிட்டார். பணியாளரும் அதனை அறிந்திருந்தார். இன்றோ கணிப்பொறியில் நிறுவப்படும் மென்பொருள், தட்டும் எழுத்தையும் திறக்கும் பக்கத்தையும் ஓசையின்றிப் பதிவு செய்ய வல்லது. பார்க்கப்படுகிறோம் என்பதைப் பணியாளர் அறியாமலே பார்ப்பது அறமாகுமா? இதுவே நம் வினா.

முதற்கண் நிறுவனத்தாரின் உரிமையை நோக்குவோம். கருவி அவர்களுடையது; நேரத்திற்கு ஊதியம் தருவோரும் அவர்களே. வாடிக்கையாளரின் இரகசியங்களைக் காக்கும் பொறுப்பும் அவர்களுக்குண்டு. பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட நேரமும் கருவியும் அமானிதமாகும். அளவையில் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கின்றது. நிறைகூலி பெற்றுக் குறைபணி செய்வதும் அத்தகையதே எனக் கொள்ளுதல் தகும்.

ஆயினும் இவ்வுரிமைக்கு எல்லையுண்டு. இதனை விளக்க வழக்கொன்றைக் காண்போம். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், தனியார் நிறுவனமொன்றில் விற்பனைப் பொறுப்பு வகித்த பொறியாளர் ஒருவர், வாடிக்கையாளருக்கு விடையளிப்பதற்காக நிறுவனத்தார் கேட்டபடி யாஹூ மெசஞ்சர் கணக்கொன்றைத் தொடங்கினார். 2007 ஜூலையில் நிறுவனம் அதனைக் கண்காணித்தது. அலுவலுக்கு மட்டுமே பயன்படுத்தியதாக அவர் கூறியபோது, தம் சகோதரருடனும் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடனும் அவர் பரிமாறிய செய்திகள் 45 பக்கங்களாக அவர்முன் வைக்கப்பட்டன. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை எட்டியது. 2016 ஜனவரியில் அதன் முதல் அமர்வு, உரிமை மீறல் இல்லை என்றது. 2017 செப்டம்பர் 5 அன்று பேரமர்வோ, 11க்கு 6 என்னும் பெரும்பான்மையில், ருமேனிய நீதிமன்றங்கள் அவருடைய தனிவாழ்வை உரியவாறு காக்கவில்லை எனத் தீர்த்தது. சொந்தப் பயன்பாட்டைத் தடுக்கும் விதி இருந்தது உண்மை; அவர் அதனை அறிந்திருந்ததும் உண்மை. ஆனால் செய்திகளின் உள்ளடக்கமே படிக்கப்படலாம் என அவருக்கு முன்னரே அறிவித்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றம் கண்காணிப்பையே தடை செய்துவிடவில்லை என்பதும் நினைவிற்குரியது. முன்னறிவிப்பு உண்டா, அளவு எவ்வளவு, தக்க காரணம் யாது, இதனினும் மென்மையான வழி இல்லையா என்பன போன்ற வினாக்களையே அது முன்வைத்தது.

இவ்வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும் எனத் திருமறையின் 24ஆம் அத்தியாயம் கற்பிக்கின்றது. முன்னறிவிப்பும் ஒருவகையில் கதவைத் தட்டுதலே. 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் ஐயம், பிறர் குறையைத் துருவுதல், புறம்பேசுதல் ஆகிய மூன்றையும் இவ்வரிசையிலேயே விலக்குகின்றது. அலுவலகத்திலும் தீமை இவ்வரிசையிலேயே வளரக் காண்கிறோம். ஐயம் துருவச் செய்கின்றது. துருவிக் கண்டது பலர் வாயில் பேச்சாகின்றது.

ஆகவே, எதனைப் பார்ப்போம், எதற்காகப் பார்ப்போம், யார் பார்ப்பார் என்பவற்றை நிறுவனம் முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பணியின் அளவைக் காணலாம். குடும்பத்தாருக்கு எழுதிய சொற்களைப் படித்தல் தகாது. இன்றைய மாணவர் நாளை பணியாளராகவோ மேலாளராகவோ அமர்வர். முன்னவர்க்கு நாம் கூறுவது: எவரும் பாராத நேரமும் அமானிதமே. பின்னவர்க்குக் கூறுவது: பணியாளரின் மானமும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. இருவரையும் காண்பவன் இறைவன்.